பதினோரு நிமிட இழப்பு

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதக் கடைசி. ஒரகடம் சாலையில் நான் வேலை பார்க்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. காலை ஷிப்ட். டீ பிரேக்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது, இரண்டாவது கேட் பக்கம் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன, கன்வேயர் நின்றது. கரண்ட் போனால் எங்கள் ஷெட்டில் யாரும் பதறமாட்டார்கள். டீக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் கிடைத்ததே என்று சிரித்துக்கொண்டு வெளியே போவார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஊர் பென்னலூர். லைனில் வரும் பாகங்களைப் பார்த்து, சரியாக இருந்தால் விடுவதும் தப்பாக இருந்தால் சிவப்புக் கூடையில் போடுவதும் என் வேலை. ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். கோபக்காரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை, நானே சம்பாதித்த பெயர்தான்.

டிரான்ஸ்பார்மர் வேலிக்கு வெளியே, மண்ணில், ஒரு பெண் குரங்கு மல்லாந்து கிடந்தது. தலையில் வகிடெடுத்துச் சீவியது போல முடி இருக்குமே, அந்த நாட்டுக்குரங்கு. ஒரு கை கருகியிருந்தது. அதன் வயிற்றில் ஒரு குட்டி. கறுப்பு முடி, சுருங்கிப்போன சிவந்த முகம். தாயின் முடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தது.

சுற்றிலும் கூட்டம். ஆளுக்கொரு போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று போர்டு வைத்திருக்கும் கம்பெனியில் அத்தனை போன் எங்கிருந்து முளைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் லைனில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் நாலு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவள்தான் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏக்கா, அது இன்னும் பால் குடிச்சிட்டுல்லா இருக்கு" என்றாள்.

அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கூட்டத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். காம்பவுண்டு சுவர் மேல் ஏழெட்டுக் குரங்குகள் உட்கார்ந்து அலறின. ஒன்று பாதி தூரம் இறங்கி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறியது. அதற்குள் ஜெனரேட்டர் ஓடி ஷெட்டில் விளக்கு வந்துவிட்டது. சைரன் ஊதியது. எல்லோரும் லைனுக்கு வாருங்கள் என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் என் ஓவர்கோட்டைக் கழற்றிக் குட்டியின் மேல் போட்டு, அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தாயின் முடியிலிருந்து பிரித்தேன். அவ்வளவு சின்னக் கைக்கு அத்தனை பிடி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிரித்தெடுத்ததும் அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ஃபியூஸ் போட வந்த எலக்ட்ரீஷியன், செத்த குரங்கைச் சாக்கில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "வேப்பங்கெள இருந்திருந்தா அது மேலயே பூட்டிருக்கும்மா. எவனோ குந்திகினு எழுதிக் குட்த்து வெட்டிட்டாங்கோ. ஒயர் மேல ஏறாம அது இன்னா பண்ணும்?"

எழுதிக் கொடுத்தவள் நான்தான். அவருக்கு அது தெரியாது. குட்டியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு முதலுதவி அறைக்கு நடந்தேன்.

எங்கள் கம்பெனியில் மாதத்துக்கு ஒரு கைசன் கார்டு எழுதியே ஆக வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் எதையாவது சரிசெய்ய ஒரு யோசனை, மாற்றத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். எழுதாவிட்டால் பெயரை போர்டில் சிவப்பில் போடுவார்கள். மாதக் கடைசியில் யோசனைக்கு எங்கே போவது? குழாயில் சொட்டும் தண்ணீர், துடைப்பம் மாட்ட ஓர் ஆணி என்று ஆளாளுக்கு எழுதுவோம். தை மாதம் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஏரிக்கரைக் குரங்குகள் வேப்பமரக் கிளை வழியாக கேண்டீன் கூரைக்கு வந்து குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தன. சுவரைத் தாண்டி வரும் கிளைகளை வெட்டிவிட்டால் வழி அடைபடும் என்று எழுதினேன். டீ குடிக்கும் நேரத்தில் யோசித்தது. வெட்டினார்கள். முன், பின் படம் ஒட்டினார்கள். முதல் பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

வழி அடைபட்டால் குரங்கு திரும்பிப் போய்விடும் என்று நான் எப்படி நினைத்தேன்? அந்த மரமும் ஏரிக்கரையும் எங்கள் ஷெட் வருவதற்கு முன்னாலிருந்தே அவற்றின் இடம். கிளை போனதும் கம்பத்தில் ஏறின. கம்பத்திலிருந்து ஒயருக்கு வந்தன.

ஷிப்ட் முடியும்வரை குட்டி முதலுதவி அறையில் என் ஓவர்கோட்டுக்குள் கிடந்தது. கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸே அதைக் கொஞ்சியது. என் கணவர் வேறொரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமே இது? ஃபாரஸ்ட்டுக்கு ஒரு போன் போடு. வூட்ல வெச்சிகினு இருந்தா கேஸ் ஆய்டும்" என்றார்.

வார விடுமுறை வரட்டும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அது பொய். கொடுக்க எனக்கு மனசில்லை. குழந்தை இல்லாதவள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஹாஸ்டலில் தங்கி பிளஸ் ஒன் படிக்கும் மகள் இருக்கிறாள். தப்பு செய்தவளையே ஓர் உயிர் இறுக்கிக் கட்டிக்கொண்டால், அந்தத் தப்பு கொஞ்சம் கரைந்துபோன மாதிரி இருந்தது. உண்மையான காரணம் அதுதான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். பவுடர் அடித்தேன். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, இங்க் ஃபில்லரால் பசும்பால் ஊற்றினேன். என் மகளுக்கு அப்படித்தான் சங்கில் புகட்டியிருந்தேன். குளுக்கோஸ் பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுத்தேன். அது கூப்பிடும்போதெல்லாம் நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுப்பேன், உடனே அடங்கிவிடும். காலை ஷிப்டுக்கு நான் போனால், இரண்டு மணி வரை கணவர் பார்த்துக்கொள்வார். திட்டிக்கொண்டேதான் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு படிவத்தில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். லைன் நின்றால் காரணம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். வாங்கிப் படித்தேன். ஆட்களுக்குக் காயம்: இல்லை. இயந்திரச் சேதம்: ஒரு ஃபியூஸ். உற்பத்தி இழப்பு: பதினோரு நிமிடம். மூலக் காரணம்: குரங்கு.

மூலக் காரணம் குரங்காம். ஒரு பாகத்தில் தலைமுடி அளவு கீறல் இருந்தால், ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிவேர் வரை போகச் சொல்லி எங்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள் எழுதிய காரணம் அது. இங்கே ஐந்து தடவை கேட்கவே வேண்டாம். குரங்கு ஏன் செத்தது, ஒயரைத் தொட்டது. ஏன் தொட்டது, கிளை இல்லை. ஏன் இல்லை, வெட்டச் சொல்லிக் கார்டு வந்தது. மூன்றாவது ஏனிலேயே என் பெயர் வந்துவிடும். எனக்கு வந்த ஆத்திரத்தில் படிவத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையெழுத்துப் போட்டேன். மூலக் காரணம் குரங்காகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று போட்டேன்.

அந்த வாரம் பாதுகாப்பு வார விழா. குட்டியைப் பற்றிக் கேள்விப்பட்ட எச்.ஆர். அதிகாரி என்னைத் தேடி லைனுக்கே வந்தார். கம்பெனியின் கருணை முகத்தைக் காட்ட இது நல்ல சந்தர்ப்பம் என்றார். மேடைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். நாங்கள் போடும் பளபளக்கும் பட்டை வைத்த ஆரஞ்சு நிறச் சட்டையிலிருந்து துணி வெட்டி, குட்டிக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து வைத்திருந்தார். திருநெல்வேலிப் பெண் வேண்டாம்க்கா என்றாள். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கொண்டுபோனேன். எல்லோரும் என்னை மெச்சுவார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

மைக் சத்தம், கைதட்டல், ஃபிளாஷ். சட்டை மாட்டிய குட்டியை எச்.ஆர். அதிகாரி வாங்கி, கோப்பையைத் தூக்கிக் காட்டுவது போலத் தலைக்கு மேல் தூக்கினார். அது அவர் வெள்ளைச் சட்டை முழுக்க மூத்திரம் பெய்தது. அந்த விழாவில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். சிரிப்புச் சத்தத்தில் குட்டி வீறிட்டுக் கத்தி, என்மேல் பாய்ந்து, தாவணி போலப் போட்டிருந்த என் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டது. உடம்பு நடுங்கியது நிற்கவே இல்லை. எல்லோரும் நிஜமாகவே என்னை மெச்சினார்கள்.

ஆறாம் நாள் காலையில் பால் கொடுத்தபோது, குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் கரகரவென்று சத்தம். ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் மாட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இது சட்டப்படி வைத்துக்கொள்ளக் கூடாத பிராணி, நான் ஊசி போட்டு நிறுத்துகிற நிலைமையும் இல்லை என்று சொல்லி, அங்கிருந்தே வனத்துறைக்குப் போன் செய்தார். ஜீப் வந்தது. வனக்காவலர் என்னைத் திட்டிய திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது. குட்டி என் கழுத்தை விடாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

செங்கல்பட்டைத் தாண்டி, காட்டை ஒட்டி ஒரு காப்பகம். அடிபட்ட, அனாதையான விலங்குகளைத் தேற்றித் திரும்பக் காட்டில் விடுகிற இடம். அங்கே மருத்துவராக இருந்தவர் என் வயதுப் பெண். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. குட்டியை வாங்கி நிமிர்த்திப் பிடித்து மூச்சைக் கேட்டார். என்ன கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மல்லாக்கப் போட்டுப் பால் ஊற்றியதில் பால் நுரையீரலுக்குப் போயிருக்கிறது, குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடிதான் குடிக்கும் என்றார். சோப்புப் போட்டீர்களா என்று முகர்ந்து பார்த்துக் கேட்டார். கழுத்தடியில் முடி உதிர்ந்து கோடாக இருந்ததற்குக் காரணம் கேட்டார். சட்டை போட்டோம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை வாங்கிக்கொள்ள முடியாமல், நானும் கோபப்பட்டேன். செத்த தாய்கிட்டயிருந்து எடுத்துக் காப்பாத்தினதே நான்தான் மேடம் என்றேன்.

அப்போது குரங்குக் கூட்டம் எங்கே இருந்தது என்று கேட்டார். சுவர் மேல் இருந்தது, அலறிக்கொண்டிருந்தது, ஒன்று இறங்கிக்கூட வந்தது என்றேன்.

"எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு அரை மணி நேரம் விட்டிருந்தா, இறங்கி வந்துச்சே அதுவே குட்டியை எடுத்துட்டுப் போயிருக்கலாம். நீங்க காப்பாத்தலை. தூக்கிட்டு வந்துட்டீங்க" என்றார்.

பாதியில் இறங்கி வந்து திரும்பி ஏறிய அந்தக் குரங்கு எதற்காக வந்தது என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. கடிக்க வருகிறது என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் அது பிழைக்குமா என்றே தெரியவில்லை. மருந்து கலந்த பாலை வேறு யார் கொடுத்தாலும் துப்பியது. வேறு வழியில்லாமல் என்னை வரச் சொன்னார்கள். லீவு போட்டும், ஷிப்ட் மாற்றிக்கொண்டும் போனேன். கையுறை, முகக்கவசம், பச்சை அங்கி. பேசக் கூடாது, பெயர் வைக்கக் கூடாது, முத்தம் கொடுக்கவே கூடாது. என் சளி அதற்கு எமனாகிவிடுமாம். சுருட்டிய போர்வையைக் கட்டிப்பிடிக்க வைத்து, நிமிர்த்தி, சொட்டுச் சொட்டாகப் புகட்டக் கற்றுக்கொண்டேன். நெஞ்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. பங்குனிக் கடைசியில் அது கம்பியைப் பிடித்து ஏறியபோது, அந்த மருத்துவர் முதல்முறையாக என்னிடம் திட்டாமல் பேசினார்.

இனிமேல்தான் கஷ்டமே என்றார். பிழைத்தால் மட்டும் போதாது. மனிதரை நம்பும் குரங்கை வெளியே விட முடியாது. ரோட்டோரத்தில் வண்டிகளிடம் கையேந்தும், அடிபட்டுச் சாகும், இல்லாவிட்டால் யாராவது சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். அப்படி ஒன்று அங்கேயே இருந்தது. வித்தை காட்டுகிறவனிடமிருந்து மீட்ட கிழட்டுப் பெண் குரங்கு. இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு. மனிதர் பக்கம் வந்தாலே மூலைக்குப் போய்விடும். ஆனால் குட்டி அழுதால் மட்டும் கம்பி வரை வந்து எட்டிப் பார்த்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் விட்டார்கள். கிழவி குட்டியை ஏற்றுக்கொண்டால், இரண்டையும் ஒரு கூட்டத்தோடு சேர்த்துக் காட்டில் விடலாம். ஏற்காவிட்டால் குட்டிக்கு ஆயுசு முழுக்கக் கூண்டுதான்.

நான் ஒவ்வொரு வார விடுமுறைக்கும் போனேன். வர வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் இரண்டு தடவை சொன்னார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன். காவலாளி நல்ல மனிதர், விட்டுவிடுவார். தூரத்தில் நின்று பார்த்தால் தப்பா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நாக்கைச் சொடுக்குவேன். கூண்டின் எந்த மூலையில் இருந்தாலும் குட்டி என் பக்கத்துக் கம்பிக்கு ஓடிவந்து கையை நீட்டும். அதைப் பார்க்கத்தான் போனேன்.

சித்திரையில் ஒரு நாள் அவர் இருந்தார். குட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய என்னை ஓர் அறைக்குள் கூப்பிட்டு, அன்று காலை எடுத்த கேமரா பதிவைக் காட்டினார். நடுக்கதவைத் திறந்திருக்கிறார்கள். கிழவி மெல்ல மெல்ல நகர்ந்து குட்டிக்குப் பக்கத்தில் வந்து, அதன் முதுகு முடியை விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பிக்கிறது. குட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் சட்டென்று எழுந்து கம்பிக்கு ஓடுகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் நான். கிழவி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது.

"இது நாலாவது வாரம். ஆறு நாள் அது கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி வருது. ஏழாவது நாள் நீங்க வந்துடறீங்க. யாருக்காக வர்றீங்கன்னு ஒருதடவை யோசிச்சுப் பாருங்க" என்றார்.

நான் கத்தினேன். ராத்திரியும் பகலும் தூக்கிச் சுமந்தது நான், இன்றைக்கு நான் வேண்டாதவளா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் அந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் சுற்றி மூன்று பஸ் மாறி வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடைசி பஸ்ஸில்தான் திட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. மிச்சமெல்லாம் எனக்கு வர வேண்டியது.

மறுநாள் கம்பெனிக்குப் போய் சூப்பர்வைசரிடம் அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டேன். முடிந்துபோன விஷயம், மேலே போய்விட்டது என்றார். சரி என்று ஒரு கைசன் கார்டு வாங்கி எழுதினேன். டிரான்ஸ்பார்மர் ஒயர்களுக்கு ரப்பர் உறை போட வேண்டும், மரத்துக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் குரங்கு போகக் கயிற்றுப்பாலம் கட்ட வேண்டும். முந்தைய கார்டை எழுதியது நான், அந்த யோசனை தவறு, அதனால் ஒரு தாய் செத்தது என்று இழப்புக் கட்டத்தில் எழுதினேன். உற்பத்திக்குப் பயன் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறு மாதம் அதையே எழுதினேன். திருப்பினார்கள். அதற்கு அடுத்த மாதமும் எழுதினேன். எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டு, எமோஷனலாக எழுதினால் கமிட்டியில் நிற்காதும்மா என்று அன்பாக விளக்கினார். அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில், ஆரஞ்சுச் சட்டை போட்ட குட்டியோடு அவர் நிற்கும் படம் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. அதை இறக்கும்வரை இந்த அறையை விட்டுப் போகமாட்டேன் என்றேன். சிரித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். என் லைன் நிற்கிறது என்று சூப்பர்வைசர் ஓடிவந்தபிறகு இறக்கினார்.

ஆவணியில் ஒரு காக்கை அடிபட்டு மறுபடி லைன் நின்றது. அடுத்த வாரமே ஒயருக்கெல்லாம் ரப்பர் உறை வந்துவிட்டது. பாலம் இன்றுவரை வரவில்லை. அதற்கும் மாதாமாதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காப்பகத்துக்கு நான் போகவே இல்லை. ஐந்து மாதம். வார விடுமுறை வந்தால் வீட்டில் பாத்திரங்கள் என் கையில் படாத பாடு பட்டன. ஐப்பசியில், அடைமழை நாளில், மருத்துவரே போன் செய்தார். நான் போவதை நிறுத்திய ஒரு மாதத்திலேயே கிழவி குட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டதாம். இப்போது ஒன்பது குரங்குகள் ஒரு கூட்டமாகியிருக்கின்றன. காட்டை ஒட்டிய பெரிய அடைப்பில் இருக்கின்றன. வெளியே விடலாமா என்று முடிவு செய்யுமுன் ஒரு சோதனை பாக்கி. அதற்கு நான் வர வேண்டும் என்றார்.

முகக்கவசம் இல்லாமல், பழைய துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, நான் எப்போதும் நிற்கிற மாதிரி கம்பிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே கூப்பிட வேண்டும். குட்டி என்னிடம் வந்தால் அதைக் கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்திக்கொள்வார்கள். வராவிட்டால் மற்றவற்றோடு அதையும் விடுவார்கள். ஏமாற்றக் கூடாது, மனசறிந்து கூப்பிடுங்கள் என்றார்.

மழை விட்டிருந்தது. சேற்றில் நடந்து போய் நின்றேன். உள்ளே மரத்தடியில் கூட்டம். முதலில் எது என் குட்டி என்றே அடையாளம் தெரியவில்லை. கறுப்பு முடியெல்லாம் போய்ப் பழுப்பாகி, கையும் காலும் நீண்டு, இன்னொரு குட்டியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தடியில் இருந்த கோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கூப்பிடாமல் போய்விடலாமா என்று நினைத்தேன். பின்னால் மருத்துவர் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். நாக்கைச் சொடுக்கினேன்.

குட்டி நின்றது. என்னைப் பார்த்தது. எனக்குத் தெரிந்த அதே கண். இரண்டடி முன்னால் வந்தது. வந்துவிடாதே என்றும் வந்துவிடு என்றும் ஒரே நேரத்தில் என் மனசு அடித்துக்கொண்டது. இதில் எதையும் நான் மறைக்கப் போவதில்லை. இன்னொரு தடவை சொடுக்கினேன்.

அது புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து, அந்தச் சின்னப் பல்லையெல்லாம் காட்டி என்னை மிரட்டியது. பிறகு கூட்டத்துக்கே கேட்கும்படி ஓர் எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடியது. இடுப்பில் தழும்போடு கிழவி பாய்ந்து வந்து அதை வயிற்றில் வாரிக்கொண்டது. இத்தனை நாள் மனிதரைக் கண்டு மூலைக்கு ஓடிய கிழவி, அன்று கம்பி வரை வந்து அதைப் பிடித்து உலுக்கி என் முகத்துக்கு நேரே சீறியது. நான் பின்னால் நகர்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். மருத்துவர் எதையோ எழுதிக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். திரும்பி நடக்கும்போது நான் அழுதேன்.

தை மாதம் ஒன்பதையும் வெளியே விட்டார்கள். நான் போகவில்லை, போகக் கூடாது. உங்களுக்குக் குரங்கு என்றால் ரொம்பப் பிரியமோ என்று யாராவது கேட்டால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. என் பிரியத்தால் ஓர் உயிர் ஆயுசு முழுக்கக் கூண்டில் கிடந்திருக்கும். அது பிழைத்ததும் காட்டுக்குப் போனதும், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும் அளவுக்கு அதற்கு நல்ல புத்தி வந்ததால்தான்.